காற்று இலவசம்! காற்றாலையும் இலவசமா?

காற்றுக்கு விலை கிடையாது. அதை மூட்டை கட்டி விற்கவும் முடியாது; பூட்டி வைக்கவும் முடியாது.

அதனால்தான், "காற்றிலிருந்து மின்சாரம்" என்றதும், அது செலவே இல்லாத மின்சாரம் என்று பலரும் நினைத்து விடுகிறார்கள்.

காற்று இலவசம்தான். ஆனால் அந்தக் காற்றைப் பிடிக்கும் யந்திரம் இலவசம் அல்ல. அதை நட இடம் வேண்டும். கொண்டுபோக ரோடு வேண்டும். மின்சாரத்தை எடுத்து வரக் கம்பி வேண்டும். காற்று ஓய்ந்த நாளில் கை கொடுக்க வேறு மின்சாரம் வேண்டும்.

கடைசியாக இன்னொன்றும் இருக்கிறது. யந்திரத்துக்கு வயதானால் அதை இறக்கி அப்புறப்படுத்த வேண்டும். அந்தச் செலவு யாருடையது?

இந்தக் கேள்விக்கு இன்னும் சரியான பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வி, முடிவில் நிலத்துக்காரன் தலையில்தான் வந்து விழும்.

குமாரலிங்கபுரத்தில் என்ன நடக்கிறது?

விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது குமாரலிங்கபுரம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வரை விரிந்து கிடக்கும் வானம் பார்த்த சீமை அது. மழை பெய்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் விளைச்சல். இல்லாவிட்டால் பருத்தி, கம்பு, உளுந்து, மிளகாய் என்று கிடைத்ததை வைத்துக் காலம் தள்ள வேண்டும்.

இந்தக் குமாரலிங்கபுரத்தின் பெயர் 2023-ம் ஆண்டு நாடு முழுவதும் தெரிந்தது. பி.எம். மித்ரா என்ற திட்டத்தில் இந்தியாவில் 7 இடங்களில் பெரிய ஜவுளிப் பூங்காக்கள் அமைக்க மத்திய அரசு முடிவு செய்தது. அந்த ஏழில் ஒன்று இந்த ஊருக்குக் கிடைத்தது. பூங்காவுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 1,052 ஏக்கர்!

நூல் ஆலை என்றால் மின்சாரம். இரவும் பகலும் கதிர் சுழல வேண்டும். மின்சாரக் கட்டணம் ஏறினால் நூல் விலையும் ஏறும். அது மட்டும் அல்ல. "உங்கள் துணி எந்த மின்சாரத்தில் நெய்யப்பட்டது?" என்று வெளிநாட்டு வியாபாரிகள் இப்போது கேட்கத் தொடங்கி விட்டார்கள். புகை இல்லாத மின்சாரமாக இருந்தால் அவர்களுக்குத் திருப்தி.

ஆகவே ஜவுளிக்கும் காற்றாலைக்கும் நெருங்கிய உறவு. தமிழ்நாட்டில் காற்றாலை வைத்திருப்பவர்களில் நூற்பாலைக்காரர்கள் ஏராளம்.

பூங்கா வளர வளர, காற்று மின்சாரத்துக்கும் கிராக்கி கூடும். காற்றாலைக்கு நிலம் கேட்டு வருகிறவர்களும் கூடுவார்கள். அதற்கு முன்பே வரவையும் செலவையும் சரியாகத் தெரிந்து கொள்வது நல்லது அல்லவா?

முள்ளக்காட்டில் பிறந்த குழந்தை

தமிழ்நாட்டில் காற்றாலை யுகம் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தொடங்கியது. 1986-ல் முள்ளக்காட்டில் மின்சார வாரியம் காற்றாலைகளை நட்டுச் சோதித்துப் பார்த்தது. அடுத்து கயத்தாறு, முப்பந்தல் ஆகிய இடங்களிலும் நட்டது. 1993 வரை வாரியம் நட்டவை மொத்தம் 120 காற்றாலைகள். அவற்றின் சக்தி 20 மெகாவாட்கூட இல்லை.

மெகாவாட் என்றால் என்ன? ஆயிரம் கிலோவாட் சேர்ந்தது 1 மெகாவாட். 1 மெகாவாட் யந்திரம் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 1,000 யூனிட் மின்சாரம் கிடைக்கும்.

அந்தச் சிறு குழந்தை இன்று பீமனாக வளர்ந்து விட்டது. தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் சக்தி இப்போது 11,000 மெகாவாட்டைத் தாண்டி விட்டது. இந்தியா முழுவதையும் சேர்த்தால் 50,000 மெகாவாட்டுக்கு மேல்.

தென்பாண்டிச் சீமைக்கு இந்த யோகம் வரக் காரணம் மலை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய இடங்களில் கணவாய்கள் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக் காற்று அந்தச் சந்து வழியாகப் புகுந்து, சீறிக்கொண்டு வருகிறது. "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்றார்கள் பெரியவர்கள். இன்று அதே ஆடிக் காற்றில் ஆலைச் சக்கரம் சுழல்கிறது.

நட்டால் சலுகை, கழற்றினால்?

1990-க்குப் பிறகு தனியார் முதலாளிகள் இந்தத் தொழிலில் இறங்கினார்கள். அதற்கு முக்கியமான தூண்டுதல் வருமான வரிச் சலுகை. காற்றாலை வாங்கிய விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் அனுமதித்தது.

இதனால் காற்றாலைகள் மளமளவென்று முளைத்தன. ஆனால் ஒரு குறையும் ஏற்பட்டது. யந்திரம் நன்றாக ஓடினாலும், ஓடாவிட்டாலும் வரி மிச்சம்! நட்டவுடனேயே லாபம் கிடைத்து விட்டால், அதை நன்றாக ஓட்ட வேண்டும் என்ற அக்கறை எப்படி வரும்?

இந்தக் குறையை அரசாங்கமும் உணர்ந்தது. 2009-ல் இன்னொரு சலுகை வந்தது. உற்பத்தி செய்யும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா ஊக்கத் தொகை. அதாவது, ஓட்டினால்தான் பணம்.

ஆக, நடுவதற்கு ஒரு சலுகை. ஓட்டுவதற்கு ஒரு சலுகை. கழற்றுவதற்கு? அதைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை. கல்யாணச் செலவுக்குக் கணக்குப் போட்டவர்கள் பந்தல் பிரிக்கும் கூலியை மறந்தது போலத்தான்!

முதல் செலவு: தண்ணீர் வரும் வழி

காற்றாலையின் இறக்கையைக் கொண்டுபோவது லேசான வேலை அல்ல. பழைய இறக்கைகள் ஒரு பஸ்ஸின் நீளத்தைவிடச் சற்று அதிகமாக இருந்தன. இன்றைய பெரிய இறக்கைகள் 70 மீட்டர் நீளத்தையும் தாண்டுகின்றன. அதாவது 230 அடிக்கு மேல்! அத்தகைய இறக்கைகள் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறுகின்றன.

இந்த நீளத்தை ஏற்றி வரும் லாரி, சாதாரண வண்டிப் பாதையில் திரும்புமா? திரும்பாது. ஆகவே காட்டுக்குள் அகலமான ரோடு போட வேண்டும். கோபுரத்தைத் தூக்கி நிறுத்தப் பெரிய கிரேன் வரும். அது நிற்க இறுகிய மேடை வேண்டும்.

கரிசல் காட்டில் மழைத் தண்ணீர் தாழ்வான பக்கம் பார்த்து ஓடும். ஓடை வழியாகவும், வரத்துக் கால் வழியாகவும் கண்மாய்க்குப் போய்ச் சேரும். அந்த ஓடையின் குறுக்கே மண்ணைக் கொட்டி ரோடு போட்டால் என்ன ஆகும்? தண்ணீர் தடம் மாறும். ஒரு பக்கத்து நிலம் மூழ்கும். மறு பக்கத்துக் கண்மாய் காயும்.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் வட்டாரத்து விவசாயிகள் இதே விஷயமாகப் புகார் சொல்லியிருக்கிறார்கள். காற்றாலை ரோடுகளால் ஓடைகளும் பாதைகளும் மறிக்கப்படுகின்றன என்பது அவர்களுடைய குறை.

ரோட்டுக்கு அடியில் போதுமான அகலத்தில் பாலமோ, குழாயோ வைத்தால் தீர்ந்து போகும் சங்கதி இது. அந்தச் செலவை மிச்சம் பிடித்தால், அதே செலவு வேறு உருவத்தில் கண்மாய்ப் பாசனக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

இரண்டாவது செலவு: கம்பி

காற்றாலை இருப்பது காட்டில். மின்சாரம் வேண்டியது ஊரிலும் ஆலையிலும். நடுவில் கம்பி வேண்டும்.

2012-ஐ ஒட்டிய ஆண்டுகளைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெளியூர்களில் நாளில் பாதி நேரம் மின்வெட்டு! அதே காலத்தில், கொண்டு செல்லப் போதுமான கம்பி இல்லாமல் காற்றாலைகளை நிறுத்தி வைத்த நாட்களும் உண்டு. காற்று வீசிற்று, சக்கரம் இருந்தது, ஆனால் விளக்கு எரியவில்லை.

அதன் பிறகு பெரிய கம்பித் தடங்கள் போடப்பட்டன. தேனி மாவட்டம் தப்பகுண்டுவிலிருந்து உடுமலைப் பக்கத்து ஆனைக்கடவு வரை போடப்பட்ட 400 கிலோவோல்ட் தடம் அவற்றில் ஒன்று.

இந்தத் தடங்களில் ஒரு விசித்திரம் உண்டு. காற்று பலமாக அடிக்கும் சில மாதங்களுக்காகவே பெரிய கம்பி போட வேண்டியிருக்கிறது. மற்ற மாதங்களில் அதில் பாதி வேலைகூட இருக்காது. திருவிழாக் கூட்டத்துக்காகக் கட்டிய சத்திரம் மற்ற நாளில் காலியாகக் கிடப்பது போல. ஆனால் கட்டிய கடனுக்கு வட்டி 12 மாதமும் ஓடும்.

மூன்றாவது செலவு: காற்று ஓய்ந்த நாள்

காற்றாலைக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் அறுவடைக் காலம். ஐப்பசி, கார்த்திகையில் காற்று படுத்து விடும். பருவ காலத்திலேயேகூடக் காலையில் சீறிய காற்று மாலையில் அடங்கிப் போகலாம்.

பழைய சிறு காற்றாலைகளை ஆண்டு முழுவதும் சேர்த்துச் சராசரி பார்த்தால், அவற்றின் முழு சக்தியில் நாலில் ஒரு பங்குகூடத் தேறுவதில்லை. புது யந்திரங்கள் அதைவிட நன்றாக ஓடுகின்றன.

காற்று நின்றதும் வீட்டு விளக்கு அணையக் கூடாது. அதற்காக நிலக்கரி நிலையம் தயாராக நிற்க வேண்டும். ஓடாமல் நின்றாலும் அதற்குச் சம்பளம், வட்டி, பராமரிப்பு எல்லாம் உண்டு.

ஆலைக்காரர்கள் காற்றுக் காலத்தில் உற்பத்தியான யூனிட்டை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டுப் பிறகு எடுத்துக் கொள்ளும் ஏற்பாடும் உண்டு. பாங்கியில் பணம் போட்டு எடுப்பது போல. இதற்கு எவ்வளவு கட்டணம், எத்தனை மாதத் தவணை என்பதில் வாரியத்துக்கும் ஆலைகளுக்கும் ஓயாத வழக்கு. "எங்களுக்கு நஷ்டம்" என்கிறது வாரியம். "இது இல்லாவிட்டால் காற்றாலையே வேண்டாம்" என்கிறார்கள் ஆலைக்காரர்கள்.

மின்சாரத்தைப் பெரிய அளவில் சேர்த்து வைக்க ஒரு நல்ல உபாயம் உண்டு. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே உள்ள தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவைப்படும் நேரத்தில் அதைத் திறந்து விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். இத்தகைய நிலையங்கள் பெருகினால் காற்று மின்சாரத்தின் குறை தீரும். ஆனால் அதற்கும் பணம் வேண்டும். காற்று மின்சாரத்தின் விலையில் இந்தப் பணத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

யந்திரத்துக்கு வயதானால்?

மாட்டுக்கு வயது உண்டு. மனிதனுக்கு வயது உண்டு. காற்றாலைக்கும் வயது உண்டு. சாதாரணமாக 20 முதல் 25 ஆண்டு.

1990-களில் நட்டவை எல்லாம் கிழடாகி விட்டன. 2 மெகாவாட்டுக்குக் குறைந்த, மாற்றியமைக்கத் தக்க பழைய யந்திரங்கள் நாடு முழுவதும் 25,000 மெகாவாட் அளவுக்கு இருப்பதாகச் சென்னையில் உள்ள தேசிய காற்றுசக்தி நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவற்றில் தமிழ்நாட்டின் பங்கு மிகப் பெரியது. முதலில் தொடங்கியவர்களுக்குத்தானே முதலில் முதுமை வரும்!

இந்தப் பழைய யந்திரங்களைப் புதுப்பிக்கவும், மாற்றவும், ஆயுளை நீட்டிக்கவும் 2024-ல் தமிழக அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. பழைய சிறு யந்திரங்கள் பலவற்றை எடுத்துவிட்டு, ஒரு பெரிய யந்திரத்தை நடலாம். மின்சாரம் பல மடங்கு கூடும். நல்ல காற்று வீசும் இடத்தைக் கிழட்டு யந்திரம் அடைத்துக் கொண்டிருப்பதும் ஒரு நஷ்டம்தானே?

அப்படியானால் இறக்கிய பழைய யந்திரம் எங்கே போகும்?

கோபுரம் இரும்பு. பழைய இரும்பு வியாபாரி ஓடி வந்து எடுத்துக் கொள்வார். உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்கு நல்ல விலை. பல்சக்கரப் பெட்டியும் உருக்கத் தக்கது. யந்திரத்தின் எடையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் இப்படி மறுபடியும் பயன்பட்டு விடும்.

பல்சக்கரப் பெட்டியில் எண்ணெய் இருக்கும். பெரிய யந்திரம் என்றால் சில நூறு லிட்டர். அதை மண்ணில் கொட்டக் கூடாது. பழைய எண்ணெய் ஆபத்தான கழிவு என்று 2016-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதை உரிமம் பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.

பூமிக்குள் ஒரு கான்கிரீட் அஸ்திவாரம் இருக்கும். மேலே கோபுரம் போன பிறகும் அது கிடக்கும். அதன் மேல் ஏர் ஓடாது, வேர் இறங்காது.

மிஞ்சுவது இறக்கை. அதுதான் பெரிய தலைவலி!

வார்த்த தோசை மாவாகுமா?

இறக்கையில் இரும்பு மிகக் கொஞ்சம். கண்ணாடியை நூலாக இழுத்து, அதைத் துணி போல அடுக்கி, பசையில் ஊற வைத்து இறுக்கியிருக்கிறார்கள். அதனால்தான் அது கனம் குறைவாகவும், புயலுக்கு வளைந்து கொடுப்பதாகவும் இருக்கிறது.

ஆனால் அந்தப் பசை ஒரு முறை இறுகினால் இறுகியதுதான். மெழுகை உருக்கலாம்; இரும்பை உருக்கலாம். வார்த்த தோசையை மறுபடி மாவாக்க முடியுமா? முடியாது. இறக்கையும் அப்படித்தான்.

புதைத்தால் மக்காது. திறந்த வெளியில் கொளுத்தினால் நச்சுப் புகை. கண்டபடி அறுத்தால் கண்ணாடித் தூசி பறந்து, அறுக்கும் கூலிக்காரரின் கண்ணிலும் மூச்சிலும் ஏறும். முகமூடி இல்லாமல் அந்த வேலையைச் செய்யவே கூடாது.

பழைய இரும்புக் கடைக்காரர் இதை எடுக்க மாட்டார். விலை போகாத சரக்கு எங்கே கிடக்கும்? நின்ற இடத்திலேயே கிடக்கும். அதாவது, காட்டில்!

சாம்பலோடு ஒப்பிட்டால்...

"அப்படியானால் காற்றாலையே வேண்டாம், நிலக்கரியே போதும்" என்று முடிவு கட்டலாமா?

கூடாது. இங்கே ஒரு கணக்குப் பார்க்க வேண்டும்.

1 மெகாவாட் காற்றாலைக்கு இறக்கைப் பொருள் சுமார் 10 டன் என்று தோராயமாக வைத்துக் கொள்வது வழக்கம். தமிழ்நாட்டின் 11,000 மெகாவாட்டுக்கும் சேர்த்து 1 லட்சத்து 10 ஆயிரம் டன் வரும். இது ஒரே நாளில் வராது. பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

இப்போது நிலக்கரியைப் பாருங்கள். 1,000 மெகாவாட் அனல் மின் நிலையம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 15,000 டன் கரி எரியும். நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அதாவது நாள் ஒன்றுக்கு 5,000 டன் சாம்பல்!

ஒரே ஒரு நிலையம் மூன்று வாரத்தில் கக்கும் சாம்பலும், தமிழ்நாட்டுக் காற்றாலை இறக்கைகள் அத்தனையும் எடையில் கிட்டத்தட்டச் சமம்.

சாம்பல் அவ்வளவு குவிந்ததே, அது என்ன ஆயிற்று? 1999-ல் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. சாம்பலைப் பயன்படுத்தும் பொறுப்பு அதை உண்டாக்கிய மின் நிலையத்துக்கே என்று அந்த உத்தரவு சொன்னது. அதன் பிறகு சாம்பல் சிமெண்டில் கலந்தது, செங்கல்லாக மாறியது, ரோட்டுக்கு மண்ணாகப் போயிற்று. சிக்கல் முழுவதும் தீர்ந்து விடவில்லை. ஆனால் "பொறுப்பாளி யார்?" என்ற கேள்வி தீர்ந்தது.

சோலார் தகடுகளுக்கும் அப்படித்தான். 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் அவையும் சேர்க்கப்பட்டு விட்டன. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. அங்கே சுமார் 25 லட்சம் தகடுகள். அவற்றுக்கு வயதாகும்போது சுட்டிக் காட்ட ஒரு விதியாவது இருக்கிறது.

இறக்கைக் குப்பை சாம்பலைவிடச் சிறியது. ஆனால் அதற்கென்று அப்படி ஒரு கண்டிப்பான பொறுப்பாளி இல்லை. சிறிய சுமைதான், தூக்க ஆள் இல்லை என்பதுதான் குறை.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் இடத்துக்குப் பஞ்சம் இல்லை. வயோமிங் மாகாணத்தில் காஸ்பர் என்ற ஊரில் பழைய இறக்கைகளைத் துண்டு போட்டு, வரிசையாக அடுக்கி மண்ணைப் போட்டு மூடினார்கள். அந்தப் படத்தைப் பார்த்து உலகமே முகம் சுளித்தது.

ஜெர்மனியில் இறக்கைகளைக் குப்பை மேட்டில் புதைக்கத் தடை.

அயர்லாந்தில் கார்க் மாவட்டத்தில் பழைய இறக்கைகளைத் தூலமாக வைத்து 2022-ல் ஒரு நடைப்பாலம் கட்டினார்கள். அழகான யோசனை. ஆனால் உலகத்து இறக்கைகள் அத்தனைக்கும் பாலம் கட்ட ஆறு ஏது?

பிரான்சு செய்ததுதான் கவனிக்கத் தக்கது. அங்கே 2011-ல் ஒரு விதி வந்தது. காற்றாலை வைப்பவர், ஒவ்வொரு யந்திரத்துக்கும் 50,000 யூரோ பிணைத் தொகைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அவர் ஓடிப் போனாலும், கம்பெனி திவாலானாலும், அந்தப் பணத்தில் யந்திரம் அப்புறப்படுத்தப்படும். 2020-ல் அந்த விதி இன்னும் கடுமையாக்கப்பட்டது. அஸ்திவாரத்தையும் அடியோடு தோண்டி எடுக்க வேண்டும் என்பது பொது விதியாயிற்று.

வழி வாசலிலேயே இருக்கிறது

இறக்கைக்கு விமோசனமே இல்லையா? இருக்கிறது.

இறக்கையைச் சிறு துண்டாக்கிச் சிமெண்டு ஆலையின் சூளையில் போடலாம். பசை எரிந்து கரிக்குப் பதிலாக வெப்பம் தரும். கண்ணாடி நூல் உருகிச் சிமெண்டோடு கலந்து விடும். சாம்பல்கூட மிஞ்சாது. இத்தகைய கண்ணாடி நூல் பிளாஸ்டிக் கழிவுகளுக்கு இந்த வழி ஏற்றது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் 2016-ல் வழிகாட்டியிருக்கிறது.

சிமெண்டு ஆலைக்கு எங்கே போவது? விருதுநகர் மாவட்டத்திலேயே ஆர்.ஆர். நகரிலும் ஆலங்குளத்திலும் சிமெண்டு ஆலைகள் இருக்கின்றனவே!

ஆகவே விஞ்ஞானத்தில் குறை இல்லை. இறக்கையை இறக்க வேண்டும். பாதுகாப்பாக அறுக்க வேண்டும். லாரியில் ஏற்ற வேண்டும். சூளைக்கு ஏற்றபடி பொடிக்க வேண்டும். இந்தக் கூலியை யார் கொடுப்பது? சுற்றிச் சுற்றி அதே கேள்விக்குத்தான் வந்து சேருகிறோம்.

5 பைசாக் கணக்கு

இந்தப் பணத்தைச் சேர்ப்பது மலையைப் புரட்டும் காரியமா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நல்ல காற்று வீசும் இடத்தில் 2 மெகாவாட் யந்திரம் ஒன்று ஆண்டுக்கு 50 லட்சம் யூனிட் உற்பத்தி செய்வதாக வைத்துக் கொள்வோம். யூனிட்டுக்கு 5 பைசா எடுத்துத் தனியாக வைத்தால் ஆண்டுக்கு ரூ.2½ லட்சம். 20 ஆண்டில் ரூ.50 லட்சம். வட்டி தனி!

யந்திரம் ஓடும் காலத்தில் 5 பைசா யாருக்கும் பாரம் அல்ல. நின்ற பிறகு ரூ.50 லட்சம் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். கறக்கிற மாட்டுக்குத்தான் தீவனம் போட மனம் வரும்.

சீமைக் கருவேலம் சொல்லும் பாடம்

வறண்ட சீமைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் புத்தகம் படித்துப் பாடம் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் கண் எதிரே சீமைக் கருவேலம் நிற்கிறது.

விறகுக்கு ஆகும், வேலிக்கு ஆகும் என்றுதான் அந்த மரம் வந்தது. வந்தபோது நன்மைதான் தெரிந்தது. ஏழைக்கு அடுப்பு எரிந்தது. கரி மூட்டம் போட்டுப் பலர் பிழைத்தார்கள். ஆனால் கண்மாய்க்குள் புகுந்தது. வரத்துக் காலை அடைத்தது. மானாவாரி நிலத்தை விழுங்கிற்று. 2017-ல் உயர் நீதிமன்றமே தலையிட்டு, அதை அகற்றும்படி உத்தரவு போடும் நிலை வந்தது.

நடும்போது, "வேண்டாதபோது எப்படி எடுப்பது?" என்று யாரும் கேட்கவில்லை. நட்டவர் பெயர் மறந்து போயிற்று. வெட்டும் கூலி மட்டும் ஊருக்கு நின்றது.

காற்றாலை அந்த மரத்தைப் போலத் தானாகப் பரவாது. அது எங்கே நிற்கிறது, யாருடையது, எந்தத் தேதியில் ஓடத் தொடங்கியது என்பதெல்லாம் மின் வாரியத்தின் ஏட்டில் இருக்கிறது. ஆகவே பொறுப்பைக் கட்டுவதும் சுலபம்.

கையெழுத்துப் போடும் முன்...

நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு யாராவது வந்தால், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்க வேண்டும்.

ஒன்று: ரோடு எந்த வழியாகப் போகும்? ஓடையும் வரத்துக் காலும் எங்கே குறுக்கிடுகின்றன? அங்கே எவ்வளவு அகலத்தில் பாலம்?

இரண்டு: யந்திரம் ஓய்ந்த பிறகு எத்தனை மாதத்தில் அதை அப்புறப்படுத்துவார்கள்? அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் வரை தோண்டி எடுக்கப்படும்?

மூன்று: காற்றாலை கைமாறினால், புது முதலாளியையும் இந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்துமா?

நான்கு: இதற்கான பணம் யார் பெயரில், எந்தப் பாங்கியில் இருக்கும்?

பதில் வாயால் சொன்னால் போதாது. பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் அதை உரக்கப் படித்து, மற்றவர்கள் கேட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். நிலத்தை விற்றுவிடுகிறவர்களும், முதல் கேள்வியை விட்டுவிடக் கூடாது. நிலம் கைமாறலாம். ஓடைத் தண்ணீர் ஊர் முழுவதுக்கும் சொந்தம்.

தனி மனிதர் கேட்டு எல்லாம் நடந்துவிடாது. சாம்பலுக்கு 1999-ல் போட்டது போல, இறக்கைக்கும் ஒரு கண்டிப்பான உத்தரவு வேண்டும். ஒவ்வொரு யூனிட்டிலும் சில பைசாவை ஒதுக்கி, அரசாங்கத்தின் கண்காணிப்பில் வைக்கும் ஏற்பாடு வேண்டும்.

குமாரலிங்கபுரத்தில் ஜவுளி ஆலைகள் எழட்டும். வானம் பார்த்த பூமியின் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும். ஆடிக் காற்று அந்த ஆலைகளின் கதிரைச் சுழற்றட்டும். புகை இல்லாத மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதுதான்.

ஆனால் அஸ்திவாரக் குழி தோண்டும் நாளிலேயே, அதைத் திரும்ப மூடும் பணமும் பாங்கியில் இருக்க வேண்டும்!